செல்போன் நம்முடையது, காது யாருடையது?

(நமது சங்கத்தின் ஒன்றியப் பேரவையில் நிர்வாகக் குழு சார்பில் நிகழ்த்திய உரை. பேசியபடியே அச்சிட்டிருக்கிறோம்.)



நெல்லுக்கு விலை, கொள்முதல் நிலையம், பயிர்க் காப்பீடு, இதையெல்லாம் பேசத்தான் கூடியிருக்கிறோம். காலையிலிருந்து அதைத்தான் பேசினோம். இப்போது பேசப்போவது வேறு சங்கதி. "விவசாயி கூட்டத்தில் டெலிபோன் சட்டத்துக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். போன குறுவை அறுவடையில் நமக்கு நடந்ததைச் சொன்னால் அவங்களுக்கே புரியும்.

அறுத்த நெல் களத்துமேட்டிலும் ரோட்டோரத்திலும் பதினோரு நாள் கிடந்தது. தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே என்று சொல்லித் திருப்பினார்கள். மனு கொடுத்தோம், நேரில் போனோம், ஒன்றும் நடக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் எதிரில் சாலை மறியல் என்று நோட்டீஸ் போட்டோம். முதல் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே நிர்வாகிகள் ஐந்து பேர் போனில் கலந்து பேசினோம். பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கும், அங்கே வேண்டாம், ஆற்றுப் பாலத்தில் வைத்துக்கொள்வோம் என்று இடத்தை மாற்றினோம். இதற்கு நோட்டீஸ் அடிக்கவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போடவில்லை. விடியற்காலையில் ஆளுக்கொரு தெருவாகப் போய்ச் சொல்லிக்கொள்வது என்று முடிவு.

நாலரை மணிக்கு தலைவர் வீட்டு வாசலில் ஜீப் நிற்கிறது. அடுத்தது செயலாளர் வீடு. ஆற்றுப் பாலத்தில் அதற்கு முன்னாலேயே போலீஸ் வேன் வந்து நின்றுவிட்டது. நோட்டீஸில் போட்டிருந்த பஸ் ஸ்டாண்டில் ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லை! முன்னெச்சரிக்கை கைது என்று சொல்லி இரண்டு பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். மத்தியானம் தக்காளி சாதம் வாங்கிக் கொடுத்தார்கள், அதை மறைக்கக் கூடாது. மறியல் நடந்தது. ஆனால் முந்நூறு பேர் வர வேண்டிய இடத்தில் அறுபது பேர்.

மண்டபத்தில் ஒரு அதிகாரியிடம், "பாலம்னு உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே, "நீங்க போன்ல பேசுறது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சீங்களா?" என்றார்.

அது வேடிக்கையா, நிஜமா? இன்றைக்கு வரை தெரியாது. போனை ஒட்டுக் கேட்டார்கள் என்று இந்த மேடையில் நாங்கள் குற்றம் சாட்டவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் நம் கைக்கு வராதபடிதான் சட்டமே இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறோம்.

அதற்குப் பிறகு நாம் செய்த காரியத்தை முதலில் சொல்லியாக வேண்டும். ராத்திரி பேசியது ஐந்து பேர். "அஞ்சு பேர்ல எவன் சொன்னான்?" என்று ஆரம்பித்தது பேச்சு. பொருளாளருடைய மச்சினன் போலீஸ் இலாகாவில் வேலை பார்க்கிறார். அது போதாதா நமக்கு! டீக்கடையில் ஒரு மாதிரிப் பேசினோம். நிர்வாகக் குழுவில் ஒரு மாதிரிப் பார்த்தோம். பதினேழு வருஷம் சங்கக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதியவரிடமிருந்து கணக்குப் புத்தகத்தை வாங்கி வைத்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டம்மாதான் செயலாளர் வீட்டுக்கு வந்து, "எங்க வீட்டு நெல்லுந்தானே அண்ணே அங்க முளைச்சுக் கெடந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குரூப்பிலிருந்து எட்டு பேர் வெளியே போய்விட்டார்கள். "நெல் ஏத்தியாச்சா" என்று கேட்டால்கூட, "நேர்ல வந்து சொல்றேன்" என்கிறார்கள். ஒரு லத்தி அடி விழவில்லை, ஒரு வழக்கு போடவில்லை. ஒரு அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்ன ஒற்றை வார்த்தையில் ஒரு சங்கம் பாதியாகிப் போனது. அதனால்தான் இந்தப் பேரவையில் இதைப் பேசுகிறோம்.

இந்த ஒட்டுக் கேட்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் 1885-ல் போட்ட இந்தியத் தந்திச் சட்டம். கட்டுக் கம்பியில் டக்கு டக்கு என்று தந்தி அடித்த காலத்துச் சட்டம். தந்தி ஆபீஸை மூடி, ஊரெல்லாம் செல்போன் வந்த பிறகும் அதே சட்டத்தின் 5(2) பிரிவை வைத்துத்தான் ஒட்டுக் கேட்டார்கள். பொது நெருக்கடி நிலைமை வந்தால், அல்லது பொதுமக்கள் பாதுகாப்புக்கு அவசியம் என்றால் மட்டும்தான் கேட்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அப்போதும் நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி என்பது போல எழுதி வைத்த காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும். காகிதத்தில் நல்ல வேலிதான்.

வேலி எப்படி இருந்தது என்பதற்கு 1991-ஐப் பாருங்கள். ராஜீவ் காந்தி வீட்டு வாசலில் அரியானா போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வேவு பார்த்ததாகப் பிடிபட்டார்கள். அந்தச் சண்டையில் மார்ச் மாதம் சந்திரசேகர் பிரதமர் பதவியை ராஜினாமா செய்தார். அதற்கு முன்னால் 1988-ல் கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சர் நாற்காலியை விட்டதே டெலிபோன் ஒட்டுக் கேட்ட விவகாரத்தில்தான். எந்தக் கட்சி என்று பார்த்து இதைச் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அடுத்தவன் பேச்சைக் கேட்க ஆசை வருகிறது.

அந்த 1991-லேயே மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 டிசம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. வீட்டில் உட்கார்ந்து போனில் பேசுவது ஒரு மனிதனின் அந்தரங்கம், அதைக் கண்டபடி கேட்கக் கூடாது என்றது நீதிமன்றம். நெருக்கடி நிலைமை, பொதுமக்கள் பாதுகாப்பு என்கிற இரண்டும் ரகசியமாக ஒளிந்திருக்கிற விஷயங்கள் இல்லை, சாதாரண மனிதன் பார்த்தாலே தெரிய வேண்டும் என்றும் சொன்னது. உள்துறைச் செயலாளர்தான் உத்தரவு போட வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் அந்த உத்தரவு நிற்காது. நீட்டினாலும் ஆறு மாதத்தோடு சரி. சரியான காரணத்துக்குத்தான் போட்டார்களா என்று பார்க்க ஒரு மறுஆய்வுக் குழு. இவ்வளவும் அந்தத் தீர்ப்பில் வந்தது.

ஆனால் முக்கியமான ஒன்றைக் கேட்டுக் கிடைக்கவில்லை. ஒட்டுக் கேட்பதற்கு முன்னால் ஒரு நீதிபதி பார்த்து அனுமதி தர வேண்டும் என்று கேட்டார்கள். சட்டத்தில் அப்படி இல்லாதபோது நாங்கள் அதைச் சேர்க்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, உத்தரவு போடுவது அதிகாரி. சரிபார்க்கும் குழுவிலும் அதிகாரிகள். மத்தியில் கேபினட் செயலாளரும் சட்ட, தொலைத்தொடர்புச் செயலாளர்களும். மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் அவருக்குக் கீழே உள்ளவர்களும். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எடை குறைகிறது என்று புகார் கொடுத்தால், எடை போட்டவரே வந்து விசாரித்த மாதிரிதான்.

அந்தக் குழு எவ்வளவு பார்க்கிறது? மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 டெலிபோன் ஒட்டுக் கேட்பு உத்தரவுகள் போடுகிறது என்பது தகவல் உரிமைச் சட்டத்தில் உள்துறை கொடுத்த பதில். 2014-ல் வெளியே வந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவு. இதை நடக்கிற காரியமா என்று கேட்டது நாம் இல்லை, மத்திய அரசே போட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, 2018-ல். நாங்களும் கணக்குப் போட்டோம். சாப்பாடு, டீ எதுவும் இல்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 28,800 விநாடி. குறைந்த கணக்கான 15,000 என்றே வைத்தாலும் ஒரு உத்தரவுக்கு இரண்டு விநாடி இல்லை. நம்ம ஊரில் ஒரு மூட்டையைத் தராசில் தூக்கி வைக்கவே அதைவிட நேரமாகும்.

பழைய சட்டம் போய்ப் புதுச்சட்டம் வந்ததே என்று கேட்பீர்கள். வந்தது. 2023-ல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறி, ஒட்டுக் கேட்கும் பிரிவு 2024 ஜூன் 26-ல் அமலுக்கு வந்தது. டிசம்பரில் விதிகளும் போட்டார்கள். 138 வருஷத்துக்குப் பிறகு மாற்றும்போதாவது நீதிபதியைச் சேர்த்தார்களா? இல்லை. அதே உள்துறைச் செயலாளர், அதே செயலாளர்கள் குழு. அவசரம் என்றால் போலீஸ் ஐ.ஜி. அந்தஸ்து அதிகாரியே உத்தரவு போட்டுவிட்டு, பிறகு ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். சட்ட விரோதமாக ஒட்டுக் கேட்டால் மூன்று வருஷம் ஜெயில், இரண்டு கோடி வரை அபராதம் என்று மிரட்டலாகத்தான் எழுதியிருக்கிறது. கேட்டார்கள் என்பதே நமக்குத் தெரியாதபோது யார் மேலே புகார் கொடுப்பது?

கடுதாசியும் தப்பவில்லை. 1986-ல் எந்தத் தபாலையும் பிரிக்க அதிகாரம் தரும் மசோதாவை நாடாளுமன்றத்தின் இரண்டு சபையும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் அப்படியே மேஜையில் வைத்துவிட்டார். பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, பஞ்சாப் கிராமத்திலிருந்து வந்தவர். அந்த மசோதா கடைசி வரை சட்டமாகவே இல்லை. 2023-ல் வந்த புதிய அஞ்சல் சட்டத்தில் தபாலை இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது. இந்தத் தடவை மேஜையில் நிறுத்தி வைக்க ஆள் இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒட்டுக் கேட்கப்பட்டவருக்கு எப்போதாவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். கேட்கும்போதும் சொல்ல மாட்டார்கள், கேட்டு முடித்த பிறகும் சொல்ல மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? தன் போன் ஒட்டுக் கேட்கப்பட்டதா என்று ஒருவர் கேட்டுப் போராடிய வழக்கில், அந்த விவரத்தைத் தர வேண்டியதில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆவணங்களையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழித்துவிடலாம் என்பது விதி. பொருளாளர் மேல் நாம் சந்தேகப்பட்டோமே, அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கக் கதவு எங்கேயும் கிடையாது. அவர் நிரபராதி என்று நிரூபிக்க அவருக்கும் வழி இல்லை. இதைவிடக் கொடுமை என்ன வேண்டும்?

அமெரிக்காவில் 1968-ல் போட்ட சட்டப்படி, குற்ற வழக்குக்குப் போன் பேச்சைக் கேட்க நீதிபதி உத்தரவு வேண்டும். கேட்டு முடித்து 90 நாளுக்குள் பொதுவாகச் சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு எத்தனை உத்தரவு என்று கணக்கும் அச்சிடுகிறார்கள். அந்த நாடு யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. உலகத்தார் போன் விவரத்தையெல்லாம் மொத்தமாக வாரியதை 2013-ல் அவர்கள் ஊழியர் ஸ்னோடனே வெளியே சொன்னார். ஆனாலும் சொல்லிவிட்டுக் கேட்பது நடக்கிற காரியம்தான் என்பதற்காகச் சொல்கிறோம்.

"மடியில் கனமில்லைன்னா வழியில் என்னய்யா பயம்?" என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். நாங்கள் சொல்கிறோம், நம்ம மடியில் கனம் இருக்கு! பொண்டாட்டி தாலிக்கொடி எந்தக் கடையில் அடகில் இருக்கிறது என்பது கனம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து இரண்டு இடம் தட்டிப் போனது கனம். கூட்டுறவுக் கடனைக் கட்ட யாரிடம் கைமாற்று வாங்கினோம் என்பது கனம். இதில் எதுவும் குற்றம் இல்லை. ஆனால் எதுவும் ஸ்டேஷனுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. வீட்டுக்குக் கதவு வைத்திருக்கிறவன் எல்லாம் திருடனா?

2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் டிசம்பர் 20-ல் மத்திய உள்துறை, எந்தக் கம்ப்யூட்டரில் உள்ளதையும் இடைமறித்துப் பார்க்கலாம் என்று பத்து அமைப்புகளின் பட்டியலை வெளியிட்டது. 2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம் வெடித்தது. போனுக்குள்ளேயே புகுந்துகொள்கிற இஸ்ரேல் கம்பெனி மென்பொருள் அது. பேச்சை மட்டுமல்ல, போட்டோ, மெசேஜ் எல்லாவற்றையும் எடுக்கும். அதே மாதம் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் விவசாயிகள் நாடாளுமன்றம் நடத்திக்கொண்டிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ ஒரு கெட்ட மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். வாங்கினோம் என்றும் அரசு சொல்லவில்லை, வாங்கவில்லை என்றும் சொல்லவில்லை. அந்த மண்டபத்து அதிகாரியின் சிரிப்பு மாதிரியேதான்.

கேட்பது ஒரு பக்கம், பேச விடாமல் அறுப்பது இன்னொரு பக்கம். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இன்டர்நெட்டை நிறுத்தினார்கள். 2021 ஜனவரி கடைசியில் சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் பஞ்சாப் விவசாயிகள் கிளம்பியபோது அரியானாவில் ஏழு மாவட்டத்தில் நிறுத்தினார்கள். விவசாயி டிராக்டரை எடுத்தால் முதலில் அணைவது செல்போன் டவர்.

நம்ம ஊர் பக்கம் ஒரு நல்ல சேதியும் உண்டு. 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். 2011-ல் ஒரு கம்பெனி நிர்வாகியின் செல்போனை ஒட்டுக் கேட்க மத்திய உள்துறை போட்ட உத்தரவை ரத்து செய்தார். லஞ்சக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்பது என்பது பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்றார். கேட்டதை மறுஆய்வுக் குழு முன்னால் வைக்கவே இல்லை என்பதையும் எடுத்துச் சொன்னார். இதே மாதிரி விஷயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறது, அதனால் முடிந்த சங்கதி என்று நாம் நினைக்கக் கூடாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். லஞ்ச வழக்குக்கே அது ஆகாது என்றால், முளைத்த நெல்லுக்கு மறியல் பண்ணுவது எந்த நெருக்கடியில் சேரும்?

தீவிரவாதி பேச்சைக் கேட்காதே என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை கடத்துகிறவனைப் பிடிக்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு நீதிபதியிடம் காரணத்தைச் சொல்லி, கையெழுத்து வாங்கிக் கேள். விஷயம் முடிந்த பிறகு கேட்டதைச் சொல். வருஷத்துக்கு எத்தனை உத்தரவு போட்டாய் என்று சட்டமன்றத்தில் எண்ணிக்கையையாவது வை, பெயர் வேண்டாம். சங்கம் வைத்து, கூட்டம் போட்டு, கோரிக்கை கேட்கிறவனைப் பொது நெருக்கடியில் சேர்க்காதே. இந்த நாலும்தான் கேட்கிறோம். உள்துறைச் செயலாளருக்கு மனு எழுதியாகிவிட்டது. வாசலில் மேஜை மேல் இருக்கிறது, போகும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தாலுகா அலுவலகத்து ஆர்ப்பாட்டத்தில் கொள்முதல் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முன்னெச்சரிக்கை கைது என்று கூட்டிப்போனால் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க அதில் அதிகாரம் இல்லை. இப்போது அது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 170-வது பிரிவு. போனை வாங்கிக்கொண்டால், வாங்கியதற்கு எழுத்து கேளுங்கள். "சும்மா குடுங்க, பாத்துட்டு தர்றேன்" என்றால் கொடுத்துவிட்டு வராதீர்கள். தம்பிகளா, உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறோம்.

குரூப்பை விட்டுப் போனவர்கள் திரும்ப வாருங்கள். 1972-ல் கோவையில் மாட்டு வண்டிகளை நிறுத்திப் போராடினார்களே, அன்றைக்கு யார் கையிலும் செல்போன் இல்லை. ஆனால் ஒருத்தரை ஒருத்தர் நம்பினார்கள். போலீஸுக்கு எப்படித் தெரிந்தது என்று இனிமேல் நம்மில் எவர் முகத்தையும் பார்த்துக் கேட்பதில்லை, கேட்க வேண்டிய இடத்தில் கேட்பது என்று நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறது.

அதே தீர்மானத்தில் இரண்டாவது வரி. பொருளாளர் தோழரிடமிருந்து கணக்குப் புத்தகத்தை வாங்கியது தவறு. டீக்கடையில் வைத்துச் சொன்னதை டீக்கடையில் வைத்துத் திரும்பப் பெற முடியாது, அதனால் பேரவையில் சொல்கிறோம். அவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் சங்கம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது. புத்தகமும் இரும்புப்பெட்டிச் சாவியும் இங்கே மேஜை மேல் இருக்கிறது. அண்ணே, மேடைக்கு வாங்க. அடுத்தது வரவு செலவு அறிக்கை, அதை நீங்கதான் வாசிக்கணும்.